சத்தம் சொல்லும் சேதி

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



மேடையில் பேசிப் பழக்கமில்லாதவன் நான். ஸ்பானர் பிடித்த கை, மைக்கைப் பிடிக்கும்போது கொஞ்சம் நடுங்கத்தான் செய்கிறது. தலைமையாசிரியர் என்னை அழைக்க வந்தபோது, "ஐயா, மேடையிலே பேசுற அளவுக்கு நான் படிச்சவன் இல்லீங்களே" என்றேன். அவர் விடவில்லை. "உங்களுக்குத் தெரிஞ்ச தொழிலைப் பற்றிப் பேசுங்க, பிள்ளைங்க கேட்கட்டும்" என்றார். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஓடுகிற இஞ்சின் பக்கத்தில் நின்று, அது போடும் சத்தத்தைக் கேட்டு, எங்கே நோவு என்று சொல்வது. ஆகவே, ஸ்போர்ட்ஸ் கார் இஞ்சினில் 'டொக், டொக்' என்று தட்டுகிற சத்தம் வந்தால், அதன் காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன். பள்ளிப் பிள்ளைகளுக்கு இது எதற்கு என்று பெற்றோர்கள் நினைக்கலாம். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். என் சட்டைப் பையில் ஒரு பொருள் கொண்டு வந்திருக்கிறேன். கடைசியில் அதை எடுத்துக் காட்டுவேன். அப்போது காரணம் விளங்கும்.

ஒரு காரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். எம்.ஜி.பி. என்று ஓர் இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். இங்கிலாந்தில் ஆபிங்டன் என்ற ஊரில் 1962 முதல் 1980 வரை செய்யப்பட்டது. தாத்தா பாட்டிமார்கள் பார்த்திருப்பார்கள். அதன் இஞ்சின் நான்கு சிலிண்டர், 1798 சி.சி., இரண்டு கார்புரேட்டர். இக்காலத்துக் கார்களில் பிளாஸ்டிக் மூடி போட்டு எல்லாவற்றையும் மறைத்து விடுகிறார்கள். இந்தக் காரின் பானெட்டைத் திறந்தாலோ, எல்லாம் கண்ணுக்குத் தெரியும், காதுக்கும் கேட்கும். பாடம் படிக்க இதைவிட நல்ல இஞ்சின் கிடையாது.

சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலும் கீழும் போய்வருகிறது. ஒரு தடவை போகும் தூரம் 88.9 மில்லிமீட்டர். உங்கள் பென்சிலில் பாதி நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இஞ்சின் நிமிடத்துக்கு 5000 சுற்று சுற்றும்போது, பிஸ்டன் மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவையாக, ஒரே விநாடியில் 166 தடவை நின்று, திரும்பி ஓட வேண்டும். சராசரி வேகம் மணிக்கு 53 கிலோமீட்டர். முழு பாரத்தில் பெட்ரோல் எரியும்போது அதன் தலையில் சுமார் இரண்டு டன் எடை விழுகிறது. அந்த எடையைத் தாங்கி, கிராங்க் ஷாஃப்டைச் சுற்ற வைப்பது கனெக்டிங் ராடு. ராடு கிராங்கைப் பிடித்துக்கொண்டிருக்கும் இடத்தில் இரண்டு அரை வட்டத் தகடுகள் இருக்கும். அவைதாம் பேரிங். எங்கள் பட்டறைப் பேச்சில் 'பிக் எண்டு' என்போம். பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே உள்ள இடைவெளி நம் தலைமயிரின் தடிப்புக்கும் குறைவு. அந்த இடைவெளியில் எண்ணெய் நிற்கிறது. இரும்பு இரும்பைத் தொடாமல், எண்ணெய்மேல் மிதந்து சுற்றுகிறது. எண்ணெய் குறைந்தாலோ, பேரிங் தேய்ந்து இடைவெளி கூடினாலோ, அந்த இரண்டு டன் எடை சம்மட்டி அடிப்பது போல அடிக்கும். அதுதான் சத்தம்.

ஆனால் மாணவர்களே, தட்டுகிற சத்தமெல்லாம் பேரிங் சத்தம் அல்ல. இங்கேதான் தொழில் தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் வித்தியாசம்.

முதல் பாடம், இஞ்சினைத் தொடுவதற்கு முன் காரோட்டி வந்தவரைக் கேட்க வேண்டும். சத்தம் காலையில் குளிர்ந்த இஞ்சினில் வருகிறதா, சூடான பிறகு வருகிறதா? சும்மா நிற்கும்போதா, மேடு ஏறும்போதா, காலை எடுக்கும்போதா? எத்தனை நாளாக? கடைசியாக எந்த எண்ணெய் நிலையத்தில் என்ன பெட்ரோல் போட்டீர்கள்? கடைசியாக எப்போது மினியாக் ஹித்தாம் மாற்றினீர்கள்? இதையெல்லாம் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு எண்ணெய்க் குச்சியை இழுத்து அளவு பார்க்க வேண்டும். எண்ணெய் குச்சியின் அடிக்கோட்டுக்குக் கீழே இருந்தால், அப்புறம் ஒரு நிமிடம்கூட இஞ்சினை ஓட்டிப் பார்க்கக் கூடாது. இவ்வளவும் செய்ய ஐந்து நிமிடம் போதும். ஆனாலும் பத்தில் எட்டுப் பேர் இதைச் செய்வதில்லை. பானெட்டைத் திறந்ததும் தலையை உள்ளே விட்டுவிடுவோம்!

இரண்டாவது பாடம், சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடுவது. 1816-இல் பாரிஸ் நகரத்து மருத்துவர் லேனெக், காகிதத்தைச் சுருட்டிக் குழலாக்கி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டார். ஸ்டெதஸ்கோப் பிறந்த கதை அது. நாங்கள் நீளமான திருப்புளியின் முனையை இஞ்சின்மேல் வைத்து, கைப்பிடியைக் காதோரம் வைத்துக் கேட்போம். இஞ்சினுக்கென்று செய்த ஸ்டெதஸ்கோப்பும் உண்டு. விசிறிப் பட்டையில் தலைமுடியோ சட்டையோ மாட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதைக் கேட்டுவிட்டு வீட்டில் யாரும் செய்து பார்க்க வேண்டாம்!

மேல்பகுதியில் மெல்லிய 'டிக் டிக்' கேட்டால் அது பெரும்பாலும் வால்வு இடைவெளி. இந்த இஞ்சினில் அந்த இடைவெளி 0.015 அங்குலம் இருக்க வேண்டும். கூடிப்போனால் டிக் டிக் என்று அடிக்கும். ஃபீலர் கேஜ் என்ற தகட்டை உள்ளே விட்டு, அளந்து, திருகினால் அரை நாளில் வேலை முடிந்தது. பக்கவாட்டில், குளிர்ந்த இஞ்சினில் மட்டும் 'கடக் கடக்' என்று வந்து, சூடானதும் மறைந்தால் அது பிஸ்டன் ஆடுகிற சத்தம். பிஸ்டன் அலுமினியம், சிலிண்டர் இரும்பு. சூடு ஏறும்போது அலுமினியம் அதிகம் விரியும், இடைவெளி அடையும், சத்தம் நிற்கும். அறிவியல் பாடத்தில் நீங்கள் படிக்கிற வெப்ப விரிவுதான் இது. எக்ஸாஸ்ட் குழாய் சேரும் இடத்தில் கேஸ்கெட் கிழிந்திருந்தாலும் வால்வுச் சத்தம் போலவே கேட்டு ஏமாற்றும். கிளட்சை மிதித்ததும் சத்தம் மாறினால், கிராங்க் முன்னும் பின்னும் நகர்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும். அடியில், காலுக்கடியில் அதிர்வது போலத் 'தொம் தொம்' என்று கனமாக வந்தால் மெயின் பேரிங். அதற்குக் கொஞ்சம் மேலே, கெட்டியான 'டொக் டொக்' வந்தால் பிக் எண்டு.

காதை நம்பலாம். ஆனாலும் எண்ணிப் பார்ப்பது அதைவிட நல்லது. இங்கே கணக்குப் பாடம் வருகிறது. இஞ்சின் சும்மா நிற்கும்போது நிமிடத்துக்கு 900 சுற்று என்றால், கிராங்க் விநாடிக்கு 15 தடவை சுற்றும். வால்வைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் அதில் பாதி, ஏழரை தடவைதான் சுற்றும். ஆகவே வால்வுச் சத்தம் மெதுவாகவும், பேரிங் சத்தம் அதைப்போல் இருமடங்கு வேகமாகவும் வரும். இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. டைமிங் லைட் என்ற விளக்கை ஒரு பிளக் வயரில் மாட்டினால், கிராங்க் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை அது மின்னும். ஒரு மின்னலுக்கு ஒரு தட்டு என்றால் மேல்பகுதி வால்வுப் பக்கம். ஒரு மின்னலுக்கு இரண்டு தட்டு என்றால் கீழ்ப்பகுதி கிராங்க் பக்கம். 'கணக்கு எனக்கு எதற்கு, நான் மெக்கானிக் ஆகப்போறேன்' என்று சொல்கிற பையன்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்!

மூன்றாவது பாடம், ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பது. முதலில் விசிறிப் பட்டையைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் ஓட்டிப் பார்ப்போம். சத்தம் நின்றுவிட்டால் கோளாறு டைனமோவிலோ தண்ணீர்ப் பம்பிலோ இருக்கிறது, இஞ்சினில் அல்ல. அடுத்து, சிலிண்டர் ஒவ்வொன்றுக்கும் போகிற மின்பொறியை நிறுத்திப் பார்ப்போம். ஒன்றாம் சிலிண்டரில் பொறி இல்லை என்றால் அங்கே பெட்ரோல் எரியாது, அந்த ராடின்மேல் எடை விழாது. ஒன்றாம் சிலிண்டரை நிறுத்தியதும் 'டொக்' அடங்கினால், தேய்ந்தது ஒன்றாம் ராடின் பேரிங். வால்வுச் சத்தமாக இருந்தால் பொறியை நிறுத்தினாலும் மாறாது. பழைய காரில் ரப்பர் கைப்பிடி போட்ட குறடு கொண்டு வயரை எடுப்போம். இன்றைய கார்களில் அப்படிச் செய்தால் ஆளுக்கும் ஆபத்து, மின்னணுப் பெட்டியும் கெட்டுப்போகும். ஸ்கேனர் கருவி கொண்டு ஒவ்வொரு சிலிண்டராக அணைக்க வேண்டும். கருவி மாறியிருக்கிறது, முறை மாறவில்லை.

பிரித்துப் பார்க்காமல் அவசரப்பட்டால் என்ன ஆகும்? ஒருவர் தம் எம்.ஜி.பி. காரில் 'டிக் டிக்' என்று கேட்கிறது என்று ஒரு பட்டறையில் விட்டார். அவர்கள் வால்வு என்று முடிவு கட்டி, ஹெட்டைக் கழற்றி, கேஸ்கெட் மாற்றி, எல்லாம் பூட்டி, பெரிய பில் ஒன்றும் போட்டுக் கொடுத்தார்கள். வீட்டுக்குப் போய்ச் சாவியைத் திருப்பினார். டிக், டிக், டிக்! இஞ்சின் இன்னும் ஓடவே தொடங்கவில்லை! பிறகு எங்களிடம் கொண்டுவந்தார். அந்தக் காரில் பெட்ரோல் பம்பு பின்சக்கரப் பக்கம் இருக்கிறது. மின்சாரத்தில் வேலை செய்வது. டிக் டிக் என்று அடிப்பதுதான் அதன் வேலை. அது அடிக்காவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்! மனிதர் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றார். எங்கள் பட்டறை மேஸ்திரி ஒரு காசுகூட வாங்காமல் அனுப்பிவைத்தார்.

இனி, இஞ்சினுக்கு உள்ளே எதுவும் தேயாமலே வருகிற தட்டும் ஒன்று உண்டு. மேடு ஏறும்போது, உயர் கியரில், காலை அழுத்தி மிதித்தால் 'கிளிங் கிளிங்' என்று, தகர டப்பாவில் கோலிக்குண்டு போட்டு ஆட்டியது போல ஒரு சத்தம் வரும். காலைத் தளர்த்தியதும் நின்றுவிடும். இது பெட்ரோல் எரிகிற முறையில் வரும் கோளாறு. பிளக்கில் பொறி விழுந்ததும் தீ ஒரு பக்கத்திலிருந்து சீராகப் பரவ வேண்டும். அது வந்து சேருமுன், மூலையில் இருக்கும் கலவை, சூட்டையும் அழுத்தத்தையும் தாங்காமல் தானாகவே பற்றிக்கொண்டால், அழுத்த அலை சிலிண்டர் சுவரில் மோதும். இந்த அளவு சிலிண்டரில் அது விநாடிக்குச் சுமார் 7000 தடவை அதிரும். அதனால்தான் மணி போல ஒலிக்கிறது. சத்தம் அழகாக இருக்கலாம். ஆனால் தொடர்ந்து விட்டால் பிஸ்டன் உடைந்துபோகும்.

காரணங்கள் பல. பொறி நேரம் முந்தியிருக்கலாம். பெட்ரோலின் தரம் குறைவாக இருக்கலாம். கரி படிந்திருக்கலாம். இஞ்சின் அளவுக்கு மேல் சூடாகியிருக்கலாம். ஸ்போர்ட்ஸ் கார் கலவையை அதிகமாக அழுத்தி எரிக்கிற இஞ்சின், ஆகவே அதற்கு நல்ல பெட்ரோல் வேண்டும். எண்ணெய் நிலையத்தில் ரான் 95, ரான் 97 என்று போட்டிருக்கிறதே, அது என்ன? ஐசோ ஆக்டேன் என்ற திரவம் தானாக எளிதில் பற்றாது, அதற்கு 100 மதிப்பெண். ஹெப்டேன் சட்டென்று பற்றிக்கொள்ளும், அதற்கு 0. முன்னதில் 95 பங்கும் பின்னதில் 5 பங்கும் கலந்தால் எவ்வளவு தாங்குமோ, அவ்வளவு தாங்குகிற பெட்ரோல் ரான் 95. பெட்ரோலுக்கும் பரீட்சை வைத்து மார்க் போட்டிருக்கிறார்கள், பாருங்கள்! சோதிக்கும் வழி சுலபம். மேலான ரக பெட்ரோல் போட்டு ஓட்டிப் பார்ப்பது. பொறி நேரத்தைச் சில டிகிரி பின்னுக்குத் தள்ளிப் பார்ப்பது. சத்தம் நின்றால் நோய் தெரிந்துவிட்டது. இன்றைய கார்களில் இஞ்சின் உடம்பிலேயே ஒரு சிறு 'காது' பொருத்தியிருக்கிறார்கள். நாக் சென்சார் என்று பெயர். அந்த ஒலியைக் கேட்டதும் பொறி நேரத்தைத் தானாகவே பின்னுக்குத் தள்ளிவிடும்.

இந்தச் சத்தத்தை ஒழிக்க உலகம் ஒரு காலத்தில் என்ன செய்தது தெரியுமா? 1921-இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி என்பவர், ஈயம் சேர்ந்த ஒரு திரவத்தைக் கொஞ்சம் பெட்ரோலில் கலந்தால் தட்டுவது நிற்கும் என்று கண்டுபிடித்தார். 1923-இல் விற்பனைக்கு வந்தது. மறுவருடமே, நியூ ஜெர்சியில் அதைத் தயாரித்த இடத்தில் 5 தொழிலாளர்கள் ஈய விஷத்தால் மாண்டார்கள். ஆனாலும் விற்பனை நிரந்தரமாக நிற்கவில்லை. ஈயம் கார்ப்புகையில் வந்து காற்றில் கலந்தது, மண்ணில் படிந்தது, பிள்ளைகளின் உடம்பில் ஏறியது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். சிங்கப்பூரில் 1998-இல் ஈயப் பெட்ரோல் முற்றாக நின்றது. உலகத்தில் கடைசியாக அல்ஜீரியாவில் 2021-இல் நின்றது. ஏறத்தாழ நூறு ஆண்டு! இஞ்சின் வாயை அடைத்தோம், அதற்கு விலை கொடுத்தது பிள்ளைகள்.

வாயை அடைப்பது என்றேன். அந்தத் தப்பை நானும் செய்தவன். இனி அதைச் சொல்கிறேன்.

1978-ஆம் ஆண்டு. எனக்கு வயது 21. பேராக்கில் ஒரு பட்டறையில் வேலை. மேஸ்திரியிடம் நான்கு வருடம் வேலை பழகி, எல்லாம் தெரியும் என்ற நினைப்பில் இருந்த காலம். ஒரு வெள்ளிக்கிழமை மேஸ்திரி உறவினர் கல்யாணத்துக்குப் போயிருந்தார். சாயந்திரம் ஒரு டாக்டர் தம் ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தார். மறுநாள் காலை மனைவியோடு கேமரன் மலைக்குப் போகவேண்டுமாம். "தம்பி, ரெண்டு நாளா ஒரு சத்தம் வருது. போகலாமான்னு பார்த்துச் சொல்லுப்பா" என்றார்.

நான் கேட்டேன். மெல்லிய 'டொக்' ஒன்று இருந்தது. குச்சியை இழுத்தால் எண்ணெய் குறைவு. ஏன் குறைந்தது, எவ்வளவு நாள் குறைந்தபடி ஓடியது என்று கேட்கவில்லை. எண்ணெய் அழுத்த முள்ளைப் பார்க்கவில்லை. அந்த இஞ்சின் சூடாகி ஓடும்போது முள் 50-க்கும் 80-க்கும் நடுவே நிற்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் பார்க்கவில்லை. சிலிண்டர் சிலிண்டராக நிறுத்திச் சோதிக்கவில்லை. கடைசாத்தும் நேரம், அவர் காத்துக்கொண்டிருக்கிறார், பக்கத்தில் இரண்டு பொடியன்கள் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கனத்த எண்ணெய் ஒரு டின் எடுத்து ஊற்றினேன். கனத்த எண்ணெய் தேய்ந்த இடைவெளியில் போய் நிரம்பிக்கொள்ளும். சத்தம் நின்றுவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. "சரியாயிடுச்சுங்க டாக்டர். தாராளமா போயிட்டு வாங்க" என்றேன். அவர் என் கையில் ஐந்து வெள்ளி வைத்தார்.

தாப்பாவிலிருந்து மேலே ஏறும் பாதை எவ்வளவு வளைவு என்பது போனவர்களுக்குத் தெரியும். லாத்தா இஸ்கந்தர் அருவியைத் தாண்டி ஏறும்போது எண்ணெய் சூடாகி இளகியிருக்கிறது. பேரிங் பிய்ந்து, ராடு உடைந்து, இஞ்சினின் பக்கச் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. எண்ணெய் முழுதும் ரோட்டில் கொட்டியது. பின்சக்கரம் அதில் ஏறி வழுக்கி, கார் திரும்பி, மலைப்பக்கச் சுவரில் இடித்து நின்றது. பள்ளத்துப் பக்கம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கப் பயமாக இருக்கிறது. மேலேயிருந்து இறங்கி வந்த காய்கறி லோரி ஓட்டுநர் பிரேக்கை மிதித்து, அவர்களுக்குச் சில அடி தூரத்தில் நிறுத்தினார். இருவருக்கும் காயமில்லை. கடவுள் புண்ணியம் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்தக் காரில் குற்றமில்லை. குற்றம் என்னிடம்.

திங்கட்கிழமை காரைக் கட்டி இழுத்து வந்தார்கள். மேஸ்திரி இஞ்சினை இறக்கி, ஒரு வார்த்தை பேசாமல் பிரித்தார். மற்ற மூன்று ராடுகளின் பேரிங்குகளையும் எடுத்து வரிசையாக வைத்தார். நல்ல பேரிங் சாம்பல் நிறமாக இருக்கும். இவற்றில் செம்பு நிறம் தெரிந்தது, மேலே பூசியிருந்த மெல்லிய உலோகம் தேய்ந்துபோன அடையாளம். உடைந்த ராடின் பேரிங் நசுங்கிக் கறுத்துக் கிடந்தது. அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடிக்கவில்லை. அந்தத் துண்டை என் கையில் வைத்து, "சத்தம் உன்கிட்ட உண்மையைத்தான்டா சொல்லுச்சு. நீதான் அதோட வாயைப் பொத்திட்ட" என்றார்.

அன்று மாலை டாக்டர் வந்தார். மேஸ்திரி என்னை முன்னால் நிறுத்தினார். "டாக்டர் ஐயா, பையன் பொய் சொல்லலீங்க. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டான். இஞ்சினை நாங்களே கட்டித் தர்றோம்" என்றார். டாக்டர் என்னைத் திட்டவில்லை. கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "தெரியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நாங்க பஸ்ஸிலே போயிருப்போமே தம்பி" என்றார்.

திட்டியிருந்தால் ஒரு வாரத்தில் மறந்திருப்பேன். இது மறக்கவில்லை. அந்த இஞ்சினைக் கட்டி முடிக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. செலவு பட்டறை தவுக்கே கணக்கில் போனது. பாதியை என் சம்பளத்தில் மாதா மாதம் பிடித்துக்கொள்ளும்படி நானே கேட்டுக்கொண்டேன். அதைவிடப் பெரிய தண்டனை மேஸ்திரி கொடுத்தது. மூன்று மாதம் நான் ஸ்பானர் தொடக் கூடாது. வருகிற ஒவ்வொரு காரின் சத்தத்தையும் கேட்டு, நோட்டுப் புத்தகத்தில் என்ன சத்தம், எப்போது, எங்கே, என்ன காரணமாக இருக்கும் என்று எழுத வேண்டும். இஞ்சின் பிரித்த பிறகு உண்மையான காரணத்தைப் பக்கத்தில் எழுத வேண்டும். முதல் மாதம் பாதிக்கு மேல் தப்பு. மூன்றாம் மாதம் தப்பு குறைந்தது. அதோடு, சில வரிகளில் 'தெரியவில்லை, சோதிக்க வேண்டும்' என்று எழுதத் தொடங்கியிருந்தேன். அதைப் பார்த்துவிட்டுத்தான் மேஸ்திரி மறுபடியும் ஸ்பானரைக் கையில் கொடுத்தார்.

இதோ, என் சட்டைப் பையில் இருக்கும் பொருள். அந்த நசுங்கிய பேரிங் துண்டு. கடைத்தெருவில் இதற்கு ஒரு காசு பெறாது. என் மேசையில் நாற்பது ஆண்டுக்கு மேலாக இருக்கிறது. விழா முடிந்ததும் இந்த மேசையில் வைக்கிறேன். பிள்ளைகள் வந்து தொட்டுப் பார்க்கலாம்.

மாணவச் செல்வங்களே! இன்று பரிசு வாங்குகிறவர்களுக்கு என் வாழ்த்துகள். உழைத்தீர்கள், பெற்றீர்கள். ஆனால் சரியான விடை தெரிந்ததற்குத்தான் பரிசு கொடுக்கிறோம். 'தெரியவில்லை' என்று நேர்மையாகச் சொன்னதற்கு யாரும் கோப்பை கொடுப்பதில்லை. ஆகவே அதை நான் சொல்லிவிட்டுப் போகிறேன். வகுப்பில் ஆசிரியர் "புரிந்ததா?" என்று கேட்கும்போது, புரியாமலே "புரிந்தது ஐயா" என்று சொல்கிறீர்களே, அது கனத்த எண்ணெய். சத்தம் அப்போதைக்கு நிற்கும். மேடு ஏறும்போது, பெரிய பரீட்சையில், ராடு உடையும். வெட்கப்படாமல் கையைத் தூக்கி, "புரியலை சார்" என்று சொல்லுங்கள். அன்று உங்கள் ஆசிரியருக்குச் சிரமம் ஐந்து நிமிடம்தான்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளையிடமிருந்தும் சில வேளை ஒரு 'டொக் டொக்' வரும். மார்க் குறையும், எரிந்து விழுவான், பள்ளிக்குப் போகமாட்டேன் என்பான். உடனே ஒரு அதட்டல் போட்டால் சத்தம் நிற்கும், வீடும் அமைதியாகும். ஆனால் அது நின்றதா, நாம் வாயைப் பொத்தினோமா என்று பார்க்க வேண்டும். எப்போது வருகிறது, எத்தனை நாளாக வருகிறது என்று முதலில் கேளுங்கள். கண் பார்வை மங்கலாகவும் இருக்கலாம். பக்கத்துப் பையன் அடிப்பதாகவும் இருக்கலாம். பசியாகவும் இருக்கலாம். வெறும் பெட்ரோல் பம்பாகவும் இருக்கலாம், ஹெட்டைக் கழற்ற வேண்டிய வேலையே இல்லாமல்! திருவள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரம் வைத்தார். அதை அடுத்து வரும் அதிகாரங்களில் கேள்விக்கும் தனியாக ஓர் அதிகாரம் வைத்தார். படித்துத் தெரிந்துகொள்வதோடு கேட்டுத் தெரிந்துகொள்வதும் அறிவுதான் என்பதற்காக.

மின்சாரக் கார் வந்துவிட்டது. அதில் பிஸ்டன் இல்லை, பிக் எண்டு இல்லை. நாளைக்கு இந்தச் சத்தத்தைக் கேட்க ஆளே இல்லாமல் போகலாம். அதனால் எனக்கு வருத்தமில்லை. உங்களில் ஒருவர் டாக்டர் ஆகலாம், ஒருவர் வக்கீல் ஆகலாம், ஒருவர் என்னைப் போல எண்ணெய்க் கையோடு நிற்கலாம். யாரானாலும், நம்பி வந்தவர் "போகலாமா?" என்று உங்களைக் கேட்கிற ஒரு நாள் வரும். அன்றைக்கு, சோதித்திருந்தால் "போகலாம்" என்று சொல்லுங்கள். சோதிக்காவிட்டால் "தெரியலை, பஸ்ஸிலே போங்க" என்று சொல்லுங்கள். அவ்வளவுதான்.